ஃபோர்ட் ராக்கும் பட்டைச் செருப்பும்

செப்டம்பர் 18, புதன் – ஹில்ஸ்பரோ, பெண்ட்

மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. அமெரிக்காவில், போர்ட்லாண்டுக்குப் பக்கத்தில் ஹில்ஸ்பரோ. ஜன்னலைத் திறந்தால் பச்சை, எட்டிப் பார்த்தால் இன்னும் பச்சை. ஆரிகன் மாநிலம் முழுக்கவே இப்படித்தான் என்று நினைத்திருந்தேன். "அத்தை, மலையைத் தாண்டினா அந்தப் பக்கம் பாதி மாநிலம் பொட்டல்தான்" என்றார் மாப்பிள்ளை.

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு படம். போன மாதம் மகள் தன் போனில் காட்டினாள். கயிறு திரித்துப் பின்னிய ஒரு செருப்பு. முன்பக்கம் விரல்களை மூட ஒரு மடிப்பு. ஓரம் சிதைந்து பழுப்பேறிக் கிடந்தது. ஆனாலும் அதைப் பின்னிய கைக்கு வேலை தெரியும் என்பது பார்த்த உடனே தெரிந்தது. ஒன்பதாயிரம் ஆண்டுக்கு மேல் பழையது என்றாள். உடன்குடிப் பக்கம் பனையோலைப் பெட்டி முடைந்த ஆச்சியின் கையில் வளர்ந்தவள் நான். அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. அது கிடைத்த ஃபோர்ட் ராக் குகையைப் பார்க்க வேண்டும் என்றேன். மாப்பிள்ளை லீவு போட்டார், பேத்திக்குப் பள்ளியில் சொல்லி அனுமதி வாங்கினாள் மகள். சரி, கிளம்பிவிட்டோம்.

மவுண்ட் ஹூட் மலையை ஏறி இறங்கியதும் நிலம் மாறிவிட்டது. செங்கோட்டையிலிருந்து கிழக்கே வரும்போது குற்றாலச் சாரல் பின்னால் நின்றுவிடுமே, அதே மாதிரிதான். மேகத்தை மலை பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தப் பக்கம் வானுயர்ந்த ஃபிர் மரங்கள், இந்தப் பக்கம் குட்டையான ஜூனிபரும் மஞ்சள் புல்லும். வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினர் நிலத்தின் வழியாகச் சாலை போகிறது. எங்கோ காட்டுத்தீ, மலைகளெல்லாம் புகைக்குப் பின்னால் மங்கித் தெரிந்தன. தொண்டை கமறிக்கொண்டே இருந்தது.

பெண்ட் ஊரில் அறை 139 டாலர். ரூபாய்க் கணக்குப் போடுவதை முதல் வாரத்திலேயே விட்டுவிட்டேன். இரவுக்குக் கையில் கொண்டு வந்த புளியோதரையும் அப்பளமும்.

செப்டம்பர் 19, வியாழன் – நியூபெரி

இன்று முழுக்க எரிமலைக் கண்ணாடி. ஆங்கிலத்தில் அப்சிடியன். பெண்டுக்குத் தெற்கே நியூபெரி எரிமலை. அதன் வாய்க்குள்ளேயே இரண்டு ஏரிகள் இருக்கின்றன. ஏரிக் கரைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு மலைச்சரிவு. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் வழிந்து இறுகிய குழம்பு அது. காருக்கு ஐந்து டாலர் கட்டி, இரும்புப் படியேறிப் போனால் அதன் மேலேயே நடக்கலாம்.

வெயில் பட்டதும் பாறை முழுக்க மினுக்கியது. உடைந்த முனை ஒவ்வொன்றும் கத்தி. பேத்தி கையை ஊன்றப் போனாள், பதறிப் பிடித்து இழுத்தேன். இந்தக் கல்லைத் தட்டிச் சில்லாக்கித்தான் இந்தப் பக்கத்து மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஈட்டிமுனையும் கத்தியும் செய்தார்கள். ஒவ்வோர் எரிமலையின் கண்ணாடியிலும் கலந்திருக்கும் தனிமங்களின் அளவு வேறு வேறு. அதை வைத்து எந்த மலைக் கல் எங்கே போயிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். நியூபெரிக் கல் வடக்கே கனடா வரைக்கும் போயிருக்கிறதாம். கைமாறிக் கைமாறிப் போயிருக்கும். வெறுங்காட்டில் அலைந்தவர்கள் என்று அவர்களை யாராவது சொன்னால் இனி எனக்குக் கோபம் வரும்.

ஒரு சில்லைக்கூட எடுத்துப்போகக் கூடாது என்று பலகை இருக்கிறது. எனக்கு முன்னால் நடந்த ஒரு வயதான அம்மா, தன் ஷூவின் அடியில் சிக்கிய ஒரு துணுக்கைக் குனிந்து எடுத்து, வந்த வழியே நாலு எட்டுத் திரும்பிப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். மனதுக்கு நிறைவாக இருந்தது.

மதியம் லா பைனில் ஒரு கடையில் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி, பதினோரு டாலர். காரம் வேண்டும் என்று பேத்தி கேட்டாள். பரிமாறிய பெண் சிரித்துக்கொண்டே மூன்று வகை மிளகாய் சாஸ் புட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார். லா பைனிலேயே தங்கல். ராத்திரிக் குளிர் எலும்பைத் தொட்டது.

செப்டம்பர் 20, வெள்ளி – ஃபோர்ட் ராக்

காலையில் கார்க் கண்ணாடியில் உறைபனி. செப்டம்பரில்! மாப்பிள்ளை பழைய ரயில் பாஸை எடுத்துச் சுரண்டினார்.

31-ஆம் நெடுஞ்சாலையில் தெற்கே போகும் வழியில், காட்டுக்குள் பிரியும் சரளைப் பாதையில் ஒரு பெரிய குழி இருக்கிறது. பெயரே 'நிலத்தில் ஓர் ஓட்டை' என்ற பொருளில்தான். கிட்டத்தட்ட 1.6 கிலோமீட்டர் அகலம், 150 மீட்டர் ஆழம். கீழிருந்து வந்த எரிமலைக் குழம்பு நிலத்தடித் தண்ணீரைத் தொட, தண்ணீர் ஒரே கணத்தில் நீராவியாகி வெடித்துக் கிளப்பிய பள்ளம். விளிம்பில் நின்று பார்த்தால் அடியில் இருக்கும் மரங்கள் கொத்தமல்லிக் கட்டு மாதிரி தெரிந்தன.

திரும்பும்போது பஞ்சர். காரில் ஸ்டெப்னி இல்லை. இப்போது வரும் வண்டிகளில் நுரை அடிக்கும் டப்பா ஒன்றுதான் தருகிறார்களாம். அந்த நுரை நிற்கவில்லை. போனில் சிக்னலும் இல்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். காற்றுச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை.

அப்புறம் ஒரு பிக்கப் வண்டி தூசி கிளப்பிக்கொண்டு வந்தது. எழுபது வயதிருக்கும் ஒருவர், தொப்பி, முன்சீட்டில் நாய். இறங்கியதும் முதல் கேள்வி, "தண்ணீர் வைத்திருக்கிறீர்களா?" என்பதுதான். டயரைப் பற்றி அதற்கு அப்புறம்தான் கேட்டார். நம்மூர் பஞ்சர் கடையில் ட்யூப்லெஸ் டயருக்குச் சொருகுவார்களே, பசை தடவிய பழுப்புக் கயிறு, அதையே எடுத்துச் சொருகி, வண்டியிலிருந்த கம்ப்ரஸரால் காற்றடித்தார். இருபது நிமிடம். பணம் நீட்டியதும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். முறுக்கு டப்பாவை நீட்டினேன், அதை மறுக்கவில்லை. ஒன்றைக் கடித்து, மென்று, இன்னொன்றை நாய்க்கு முகரக் கொடுத்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மாட்டுத் தீவனத்துக்கு அல்ஃபால்ஃபா, அதாவது குதிரைமசால், போடுகிறாராம். "இந்தப் பள்ளத்தாக்கில் உறைபனி விழாத மாதம் என்று எதையும் நம்ப முடியாது" என்றார். நெடுஞ்சாலை வரை எங்கள் பின்னாலேயே வந்து, டயர் தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் திரும்பினார்.

பதினொன்றரை மணிக்குப் பாறையைப் பார்த்தோம்.

மேசைபோல் தட்டையான சமவெளி, சாம்பல் பச்சையில் புதர்கள். அதன் நடுவே மதில் சுவர் எழுப்பியதுபோல் ஒரு வளையம், காவி நிறத்தில். 60 மீட்டர் உயரம் இருக்கும். 1873-இல் காணாமல் போன மாட்டைத் தேடி வந்த வில்லியம் சல்லிவன் என்பவர் இதற்குக் கோட்டைப் பாறை என்று பெயர் வைத்தார் என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு ஒட்டவே இல்லை. இது யாரையும் தடுக்க எழுந்ததல்ல. கிளாமத், யாஹூஸ்கின் பையூட் பழங்குடி மக்கள் காலம் காலமாகப் புழங்கிய பூமி இது. 1864 உடன்படிக்கையில் ஏராளமான நிலத்தை அவர்களிடமிருந்து எழுதி வாங்கிய பிறகு, மாடு தேடி வந்தவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு அது வருத்தம்தான்.

பாறை பிறந்த கதை காலையில் பார்த்த குழியின் கதையேதான், ஆனால் தண்ணீர் இருந்த இடம் வேறு. பனியூழிக் காலத்தில் இந்தச் சமவெளி முழுக்க ஏரி. ஏரியடிச் சேற்றைக் கிழித்துக் குழம்பு மேலே வந்தது. வெடித்துச் சிதறிய சாம்பலும் கல்லும் சுற்றிலும் வளையமாக விழுந்து இறுகின. புவியியலார் இதை டஃப் வளையம் என்கிறார்கள். பிறகு ஏரியின் அலைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அதை அறைந்து, தெற்குப் பக்கச் சுவரை முற்றிலும் கரைத்துவிட்டன. அந்தத் திறப்பு வழியாகத்தான் நாங்கள் உள்ளே போனோம்.

திறப்பின் இரண்டு ஓரத்திலும், தலைக்கு வெகு உயரத்தில், பாறையில் வெட்டிய திண்ணை மாதிரி ஒரு படி ஓடுகிறது. அலை அரித்த தடம் அது. கீழே தரையிலிருந்து 20 மீட்டர் உயரம். "ஆச்சி, அப்போ நாம தண்ணிக்கு அடியில நிக்கிறோமா?" என்றாள் பேத்தி. ஆமாம், ஏரியின் தரையில்தான் நின்றுகொண்டிருந்தோம். சுற்றிப் பார்த்தால் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. உதடு வெடித்து எரிந்தது.

உள்ளே போனதும் காற்று சட்டென்று அடங்கியது. வளையத்தின் குறுக்களவு ஒன்றேகால் கிலோமீட்டருக்கும் மேல். அவ்வளவு பெரிய முற்றத்தில் நாங்கள் நால்வர் மட்டும். சுவரில் பறவை எச்சம் வெள்ளை வெள்ளையாக வழிந்திருந்தது. ஒரு வல்லூறு இறக்கையசைக்காமல் இரண்டு முறை சுற்றிவிட்டு அந்தப் பக்கம் இறங்கியது. மகள் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் யாரும் பேசவில்லை.

அந்தச் சாம்பல் பச்சைப் புதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சேஜ்பிரஷ். வழியோரத்தில் ஓர் இலையைத் தேய்த்து முகர்ந்தேன். மரிக்கொழுந்து! அச்சு அசல் அது இல்லை, கொஞ்சம் கற்பூரம் சேர்ந்த, காரம் கூடிய மரிக்கொழுந்து. மாப்பிள்ளை அறைக்குத் திரும்பியதும் தேடிப் பார்த்துச் சொன்னார்: இரண்டும் ஆர்ட்டிமீசியா என்ற ஒரே பேரினம்தான். திருவிழாச் சரத்தில் கட்டுகிற கொழுந்தின் சொந்தக்காரி இங்கே காடாக வளர்ந்து கிடக்கிறாள்.

அந்தச் செருப்புகளைப் பின்னியதும் இந்தப் புதரின் பட்டையில்தான். தண்டு முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பட்டை தானாகவே நாராக உரிந்து தொங்குகிறது. கார் நிறுத்துமிடத்துக்கு வெளியே சாலையோரம் விழுந்து கிடந்த ஒரு நீளத் துண்டை எடுத்தேன். இரண்டாகப் பிரித்து, தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டினேன். ஆச்சி பனைநார் திரிப்பாளே, அப்படி. முதல் தடவை பொடிந்துவிட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மறுபடி உருட்டினேன். திரிந்தது. ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரப்பான புரி. இழுத்துப் பார்த்தேன், நின்றது. கையெல்லாம் அந்த வாசம். பேத்தி கையில் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு, புதரடியிலேயே போட்டுவிட்டு வந்தோம்.

குகை மேற்கே, கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி, ஒரு தாழ்ந்த பாறைக் குன்றில் இருக்கிறது. உள்ளே போக முடியவில்லை. மாநிலப் பூங்காத் துறையினர் ஏற்பாடு செய்யும் வழிகாட்டியோடு, முன்கூட்டிப் பதிந்துதான் போகலாம். எங்கள் தேதிகளில் அந்த ஏற்பாடு இல்லை. மகள் கிளம்பும் முன்பே சொல்லியிருந்தாள், ஆனாலும் சாலையில் நின்று அந்தக் குன்றைப் பார்த்தபோது ஏக்கமாகத்தான் இருந்தது. ஒரு காலத்தில் மாடுகள் வெயிலுக்கு ஒதுங்கிய குகை அது. பழம்பொருள் தேடுபவர்கள் இஷ்டத்துக்குத் தோண்டியும் இருக்கிறார்கள். அதனால் பூட்டி வைப்பது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாறை நின்ற நிலத்தைத் தானமாகக் கொடுத்தவர் ரூப் லாங் என்ற பண்ணைக்காரர். அப்படி ஒருவர் கொடுத்திருக்காவிட்டால் இன்று நான் அந்த முற்றத்தில் நடந்திருக்க முடியாது.

ஊர் என்று சொன்னால் நாலைந்து கட்டடம். 1910-ஐ ஒட்டி, இலவச நிலம் என்று நம்பி வந்து, மழையில்லாமல் விட்டுப்போன குடியேறிகளின் மரவீடுகளைப் பெயர்த்து வந்து ஓரிடத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தோம். ஒரு வீட்டின் பலகைச் சுவர் கதவு நிலையைவிட்டு ஒரு விரல் அளவு விலகியிருந்தது. அதன் வழியே குளிர் எப்படி நுழைந்திருக்கும்!

தயிர்சாதம் காருக்குள்ளேயே. கதவைத் திறந்ததும் காகிதத் தட்டு பறந்தது, மாப்பிள்ளை துரத்திப் போய்ப் பிடித்தார். சில்வர் லேக் பக்கம் பெட்ரோல் பெண்டைவிடக் காலனுக்கு அரை டாலருக்கு மேல் கூடுதல். இரவு ஒரு சின்னக் கடையில் மேரியன்பெர்ரிப் பை, ஒரு துண்டு ஆறு டாலர். புளிப்பும் இனிப்பும் சரியாகக் கூடியிருந்தது. டயர் தாங்குகிறது.

செப்டம்பர் 21, சனி – கிரேட்டர் லேக்

இன்று அந்தச் சாம்பலின் தாய்வீட்டுக்குப் போனோம்.

குகையில் செருப்புகள் கிடந்தது ஒரு சாம்பல் படிவுக்கு அடியில். அந்தச் சாம்பல் வந்தது மவுண்ட் மசாமா என்ற மலையிலிருந்து. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அது வெடித்து, வயிறு காலியாகித் தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் மழையும் பனியும் சேர்ந்ததுதான் கிரேட்டர் லேக். 592 மீட்டர், அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி. உள்ளே வரும் ஆறும் இல்லை, வெளியே போகும் ஆறும் இல்லை.

வடக்கு வாசலில் காருக்கு 30 டாலர். உள்ளே நுழைந்த கொஞ்ச தூரத்தில் மரமே இல்லாத ஒரு வெளி. தண்ணீரில் மிதக்கும் நுரைக்கல் தடிப்பாகப் படிந்ததால் இத்தனை ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் காடு உள்ளே வரத் தயங்குகிறது. ஒரு துண்டைக் கையில் எடுத்தால் கனமே இல்லை, பொரி உருண்டை மாதிரி.

ஏரியின் நீலத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. சொட்டுநீலத்தைக் கரைத்த வாளி என்று பேத்தி சொன்னாள், அதையே வைத்துக்கொள்கிறேன். விளிம்பில் காற்று ஆளைத் தள்ளியது. இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நடுக்கம். முன்பின் தெரியாத ஓர் இளைஞர் தன் பிளாஸ்கிலிருந்து சூடான தேநீர் ஊற்றிக் கொடுத்தார். பாலில்லை, சர்க்கரையில்லை, ஆனாலும் அப்போது அது அமிர்தம்.

கிளாமத் மக்கள் இந்த ஏரியை கீவாஸ் என்கிறார்கள். கீழுலகத்தின் தலைவன் லாவோவும் மேலுலகத்தின் ஸ்கெல்லும் போரிட்டதில் மலை இடிந்தது என்பது அவர்கள் கதை. நெருப்பு மழையும், மலை விழுந்ததும் அந்தக் கதையில் அப்படியே இருக்கின்றன. பார்த்தவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி, பிள்ளைகள் பேரன்களுக்குச் சொல்லி வந்தது. நேற்று நின்ற இடம் இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சுற்றளவில்தான். அங்கேயும் வானம் இருண்டிருக்கும், குகை வாசலில் சாம்பல் பெய்திருக்கும். அந்தச் செருப்புகள் அதற்கும் முந்தையவை. சாம்பல் விழுந்தபோதே அவை பழைய செருப்புகள்.

இந்த ஒன்றை நினைத்துக்கொண்டே இரவு வெகுநேரம் தூங்கவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு – யூஜீன்

மலையிறங்கி மறுபடி பச்சைக்குள் வந்துவிட்டோம். யூஜீனில் தூறல். ஐந்து நாளில் முதல் ஈரம், உதடு தேறியது.

ஆரிகன் பல்கலைக்கழகத்தின் இயற்கை, பண்பாட்டு வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் அந்தச் செருப்புகள் இருக்கின்றன. 1938-இல் இந்தப் பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர் லூதர் கிரெஸ்மன் குகையைத் தோண்டினார். சாம்பலுக்கு அடியில் டஜன் கணக்கில் செருப்புகள் வந்தன. மசாமா வெடிப்பதற்கு முன்பே இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று அவர் சொன்னார். அவ்வளவு பழமை இருக்காது என்று துறையில் பலரும் அதை ஏற்கவில்லை. பொருளில் மிஞ்சியிருக்கும் கரிமத்தை அளந்து வயதைச் சொல்லும் கரிமக் காலக்கணிப்பு என்பதே அப்போது கிடையாது. அது வந்ததும் சிகாகோவில், அந்த முறையைக் கண்டுபிடித்த வில்லார்ட் லிபியின் ஆய்வகத்தில் செருப்பு நாரையே சோதித்து, 1951-இல் சுமார் ஒன்பதாயிரம் ஆண்டு என்று விடை வந்தது. பிறகு திருத்திய கணக்குகளில் சில பத்தாயிரத்தையும் தாண்டுகின்றன. நேரடியாகக் காலம் கணித்த காலணிகளில் உலகிலேயே பழையவை இவை. பதின்மூன்று ஆண்டு ஒரு மனிதர் தன் கண்ணால் பார்த்ததை நம்பிக் காத்திருந்தார் என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கண்ணாடிக்குப் பின்னால் மங்கலான வெளிச்சம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தேன்.

பாவு ஐந்து. பட்டை நாரில் திரித்த தடித்த கயிறுகள், குதிகாலிலிருந்து விரல்வரை நீளவாக்கில். குறுக்கே ஓடும் ஊடு நார் இரண்டிரண்டாக, பாவுக்கு மேலொன்று கீழொன்று போய், நடுவில் முறுக்கிக்கொண்டு வருகிறது. வரிசைக்கு வரிசை இடைவெளியே இல்லாமல் நெருக்கியிருக்கிறார்கள். அடிப்பகுதி நடக்கத் தாங்க வேண்டுமே! விரல் பக்கம் வந்ததும் வேலை மாறுகிறது. தடித்த பாவைப் பிரித்து மெல்லிய இழைகளாக்கி, மேலே மடக்கி, அங்கே மட்டும் இடைவெளி விட்டுத் தளர்வாகப் பின்னியிருக்கிறார்கள். குளிருக்கு விரல் மூட வேண்டும், ஆனால் மடங்கவும் வேண்டும். பெட்டியின் வாய் வரும்போது ஆச்சியும் ஓலையைக் கிழித்து மெல்லிசாக்குவாள். "இங்கெ அவசரப்பட்டா மொத்தமும் போச்சுட்டி" என்பாள். இந்தச் செருப்பில் அவசரம் எங்கேயும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. அங்கே பணியிலிருந்த பெண் வந்து, உட்கார முக்காலி வேண்டுமா என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் கொண்டுவந்தும் போட்டார். நான் தொடையில் கயிறு திரித்ததை மகள் அவரிடம் சொன்னாள். அவர் முகம் மலர்ந்து, "தண்ணீர் தெளித்தீர்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மொழி தெரியாத இரண்டு பேர் கையை ஒன்றின்மேல் ஒன்று உருட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டோம்.

மூடும் நேரம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை வண்டியெடுக்கப் போனார். பேத்தி மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். கூப்பிட்டேன். "இருங்க ஆச்சி" என்று விரலை நீட்டி, உதட்டுக்குள்ளேயே மறுபடி முதலிலிருந்து ஊடு வரிசைகளை எண்ண ஆரம்பித்தாள்.